கை நனைத்த இடம்

பாலசுந்தரத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜவுளிக் கமிஷன் தொழிலுக்கு அது வேண்டியதுதான். ஆனால் சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னாலாவது அதைச் சுருட்டி வைத்திருக்கலாம். வைத்தாரா மனுஷன்?

அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. குமாரபாளையத்திலிருந்து ஆனந்தகுமாரும் அவர் மனைவி உஷாராணியும் காரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் மகனுக்கு இவருடைய மகள் தீபிகாவைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, பிள்ளைகளுக்கும் பேசிப் பிடித்துப்போய்விட்டது. ஐப்பசி பிறந்ததும் பெரியவர்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. முடிவு சொல்லாமல் பெண் வீட்டில் கை நனைப்பது வழக்கமில்லை. அதனால் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்படியே பழைய சேலத்தைக் காட்டுங்க. மத்தியானம் வெளிய சாப்பிட்டுக்கலாம்" என்றார் ஆனந்தகுமார். பழைய கட்டடம் என்றால் அவருக்கு உயிர்.

"கோட்டைப் பக்கம் எனக்குத் தெரியாத சந்துங்களா? வாங்க" என்று பாலசுந்தரம் முன்னால் கிளம்பினார். அந்தப் பக்கம் அவர் காலை வைத்து முப்பது வருஷம் இருக்கும். ஏற்காடு அடிவாரத்தில் பங்களா கட்டிக்கொண்டு போனவர், போனவர்தான்.

பெருமாள் கோயிலில் கூட்டம் நெரிந்தது. கோபுரத்தை வெளியில் நின்றே கும்பிட்டார்கள். ஆற்றோர மசூதியைப் பார்த்தார்கள். பிறகு வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம். ஓர் ஆள் இல்லை. பெயர் தேய்ந்த ஒரு கல்லின் முன்னால் நின்று பாலசுந்தரம் பெருமூச்சு விட்டார்.

"எத்தனை பெரிய துரையோ, ஒரு பூ வெக்க நாதியில்ல பாருங்க. நன்றி கெட்ட ஒலகமுங்க."

உஷாராணி கல்லின் மேல் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

வெயில் ஏறியதும் பசி வந்தது. "உங்களை நான் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போவனுங்களா? வள்ளியாத்தா மெஸ்ஸு இருக்குது. போர்டெல்லாம் கெடையாது, ஊட்டுலதான் பந்தி. எங்கம்மா போனதுக்கப்புறம் மூணு வருஷம் அந்தம்மா கையில தின்னுதான் ஆளானேன். காய்ச்சல்ல கெடந்தப்ப ரசஞ்சோறு பெசைஞ்சு ஊட்டி உட்டுச்சுங்க. பாலு பாலுன்னு பெத்த புள்ளயாட்டம்" என்றார் பாலசுந்தரம்.

"இப்பவும் போய்ப் பார்க்கறதுங்களா?" என்று கேட்டார் உஷாராணி.

"அடிக்கடி" என்றார் கூசாமல். தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனதுதான் கடைசி.

பெரிய தெரு வழியாகப் போயிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஊர்க்காரன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? பின்சந்து வழியாக நுழைத்துக் கூட்டிப்போனார். கொல்லையில் பந்தல் போட்டு நீளமாக இலை விரித்திருந்தது. வியாபாரம் பெருகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். பரிமாறியவர்கள் கறியில்லாமல் பருப்பும் பொரியலும் வடையும் வைத்தார்கள். புரட்டாசியில் யார் கறி போடுவார்கள்? மொட்டைத் தலையோடு ஒருவர் பந்தியை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசியில் மொட்டைத் தலைக்கா பஞ்சம், திருப்பதி போய் வந்திருப்பார். மெஸ்ஸிலும் யார் எவர் என்று கேட்பதில்லை, விசேஷ வீட்டுப் பந்தியிலும் கேட்பதில்லை. போய் உட்கார்ந்ததும் சோறு விழுந்தது.

"என்ன சாமி, பருப்புல உப்பு கம்மியா இருக்குது? அந்தம்மா இன்னிக்குக் கை வெக்கலியா?" என்று வாளிக்காரனிடம் உரக்கக் கேட்டார். அவன் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

சாப்பிட்டு எழுந்ததும் இடது கையால் பர்ஸை எடுத்துக்கொண்டு மொட்டைத் தலைக்காரரிடம் போனார். சம்பந்தி முந்திக்கொள்ளக் கூடாது என்ற அவசரத்தில் கைகூடக் கழுவவில்லை. "மூணு சாப்பாடுங்க. எவ்வளவு?"

மொட்டைத் தலைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "மெஸ்ஸை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சுங்க. இன்னிக்கு எங்கம்மாவுக்குக் கருமாதி."

கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களை எழவு வீட்டில் கை நனைக்க வைத்துவிட்டோமே, இந்தச் சகுனத்துக்குப் பிறகு யார் பெண் எடுப்பார்கள், தீபிகா முகத்தில் எப்படி முழிப்பது என்று பாலசுந்தரத்தின் மனசு அங்கேதான் ஓடியது. சோறு ஊட்டியவள் செத்துப்போனது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த வெட்கத்தை அவரால் கடைசிவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மொட்டைத் தலைக்காரர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். "நான் சென்னிமலைங்க, அந்தம்மா பையன். பாலு அண்ணன்னு ஒருத்தர் சின்னதுல என்னையத் தோள்ல வெச்சு மாரியம்மன் தேர் காட்டுவாரு. அம்மா சொல்லிட்டே கெடக்கும். சேதி சொல்ல அட்ரஸ் தெரியல. நீங்க அவருங்களா?"

அடிக்கடி வருவதாக வேறு சொல்லியாயிற்று; ஆமாம் என்றால் எழவு தெரிந்தே கூட்டி வந்ததாகச் சம்பந்தி நினைப்பார். பின்னால் இருவரும் நின்றிருந்தார்கள்.

"இல்லீங்க" என்றார் பாலசுந்தரம். "எங்களுக்கு இந்தப் பக்கமே புதுசு. மெஸ்ஸுன்னு யாரோ சொன்னாங்க. ஆளைக்கூடத் தெரியாது." உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைப்பதற்குத்தான் போலிருக்கிறது.

"பரவாயில்லீங்க" என்றார் சென்னிமலை. "பசிச்ச நேரத்துக்கு வந்தீங்க. எங்கம்மா இருந்தாலும் யாரு எவருன்னு கேட்டிருக்காது."

"படம் எங்கீங்க வெச்சிருக்குது?" என்று கேட்டார் ஆனந்தகுமார். கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். உஷாராணி தட்டிலிருந்து பூ எடுத்துப் படத்துக்குப் போடுவது வாசற்படி வழியே தெரிந்தது. பாலசுந்தரம் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்தார். படத்திலிருக்கும் அந்த முகத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அன்றைக்கு அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

கார் அஸ்தம்பட்டி தாண்டிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல காரியம் பேசற நேரத்துல சகுனம் கெட்டுடுமேன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"கருமாதிச் சோத்துல என்னங்க இருக்குது? எழவு உழுகாத ஊடு எது? நாங்க அதெல்லாம் பார்க்கறதில்லீங்க" என்றார் ஆனந்தகுமார், சாலையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

அப்பாடா என்று பாலசுந்தரம் சாய்ந்து உட்கார்ந்தார்.

உஷாராணி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு வேற ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு எங்களுக்கு ஒரு தாழ்வு வந்து, இவங்களைத் தெரியுமான்னு நாலு பேர் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு இருக்குது."

வீட்டு வாசலில் பாலசுந்தரத்தை இறக்கிவிட்டார்கள். இருவரும் இறங்கவில்லை. "ஐப்பசி பொறக்கட்டும், பார்க்கலாமுங்க" என்றார் ஆனந்தகுமார். கார் திரும்பிப் போய்விட்டது.

தீபிகா கேட்டருகிலேயே நின்றிருந்தாள். "என்னப்பா, உள்ளகூட வராமப் போறாங்க? என்ன சொன்னாங்க?" என்றாள். அவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், "சரி, எங்க சாப்பிட்டீங்கப்பா?" என்று கேட்டாள்.

பாலசுந்தரம் அவளைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்தார். விரலிடுக்கில் பருப்புச் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். லேசில் போகவில்லை.