முதல் தண்ணீர் பாட்டில்

கடலுக்கு அப்பால் இருக்கும் கிராமங்களில் பெண்கள் காலையில் தண்ணீர் அடிக்கும்போது, இங்கே சைக்கிள் கடை மாடியில், சங்க அலுவலகத்தின் அலமாரியில், மெழுகு வைத்து அடைத்த பாட்டில்களில் தண்ணீர் இறங்கும். மத்தியானம் அவர்கள் ஓய்ந்ததும் பழையபடி ஏறிக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி இறங்கும். அலுவலகத்தைப் பெருக்க வந்தவள்தான் முதலில் பார்த்தாள். பாட்டில் ஒழுகுகிறது என்று நினைத்து அடியில் ஒரு பழைய துணியை மடித்து வைத்தாள். துணி நனையவில்லை. பிறகு செயலாளர் பார்த்தார், பொருளாளர் பார்த்தார், தணிக்கைக்கு வந்தவரும் பார்த்தார். தணிக்கைக்காரரின் படிவத்தில் அதற்கென்று இடம் இல்லாததால் அவர் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நாளில் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது போல அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் பழகிவிட்டார்கள்.

அது சின்னச் சங்கம். ஒரு பேக்கரிக்காரர், ஒரு மருந்துக்கடைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், இன்னும் இப்படிக் கொஞ்சம் பேர் சேர்ந்து, பெரிய அமைப்புகள் எட்டிப் பார்க்காத வெளிநாட்டுக் குக்கிராமங்களுக்கு ஓர் அடிபம்பும் நாலு கழிப்பறையும் கட்டிக்கொடுக்கத் தொடங்கிய சங்கம். தலைவர் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரு ஃப்ரேம் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் போட்ட விதிகள் இரண்டு. ஒரு கிராமத்துக்கு ஒரு முறைதான் உதவி. கட்டி முடித்ததும் பம்பும் கழிப்பறையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ வர வேண்டும். கொடுத்தவர்கள் கண்ணால் பார்த்தால்தானே மறுபடி கொடுப்பார்கள். படத்தோடு, பம்பில் வந்த முதல் தண்ணீர் ஒரு பாட்டிலில் வரும். அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துவிட்டு மீதியை அடைத்து அலமாரியில் வைப்பார்கள். பாட்டில் அலமாரிக்கும் படம் சுவருக்கும் போய்விட்டால் அந்த ஊர் முடிந்தது என்று கணக்கு.

தண்ணீரைப் பரிசோதித்தவள் ஊற்றுக்காரரின் மனைவி. ஊற்றுக்காரர் என்பது சங்கத்தில் வைத்த பெயர். எந்த ஊரில் எங்கே துளை போடலாம் என்று பார்த்து, பம்பு இறக்கி, கழிப்பறை கட்டி முடிக்கும் வரை அங்கேயே இருப்பது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் போவதும் வருவதுமாகத்தான் இருந்தார். வீட்டில் இருக்கிற நாட்களில் அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. எந்தக் குழாயையும் ஒரே தடவையில் திறந்து பிடிக்க மாட்டார். கொஞ்சம் திறப்பார், மூடுவார், கொஞ்ச நேரம் காது கொடுப்பார், அப்புறம்தான் திறந்து பிடிப்பார். தண்ணீர் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறாராம். “நம்ம வீட்டுக் குழாயையுமா சந்தேகப்படுவீங்க?” என்று அவள் கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டு அப்படியேதான் செய்வார்.

கடைசியாக அவர் போனது ஒரு மலைக் கிராமத்துக்கு. முழுக்கப் பாறை. தண்ணீர் வந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் வந்தது. படம் வந்தது, பாட்டிலும் வந்தது. அவர் வரவில்லை. அவள் பாட்டிலைப் பரிசோதித்தாள். குழந்தைக்குக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம். மெழுகு வைத்து அடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சும்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் பிடித்துப் போன பிறகு நிலையாக நின்றிருந்த தண்ணீர் ஒரு நூல் இறங்கியது. நின்றது. கொஞ்ச நேரம் காது கொடுப்பது போல அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது. பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு சாயங்காலம் அது இறங்குவதைப் பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை. அவள் சம்பளம் அரை நாளுக்குத்தான். இருந்தது முழு நாள். மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்கு வந்தால்தான் அவருக்கு ஃபோன் கிடைக்கும், கிடைத்தாலும் பாதியில் அறுந்துவிடும். நாலு வார்த்தை பேசுவார்கள், அதில் இரண்டு ‘கேக்குதா’. பாட்டில் அறுந்துபோகவில்லை. காய்ச்சலாக இருந்தால் மெதுவாக இறங்கும், கோபமாக இருந்தால் வெடுக்கென்று இறங்கும். அவர் பக்கத்தில் இருந்த வருடங்களைவிட இப்போதுதான் அவரைப் பற்றி நிறையத் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குச் சந்தோஷமும் தரவில்லை, ஆறுதலும் தரவில்லை. அவளுக்கு வேண்டியது ஆள்.

அவர் வராததற்கு அவளே ஒரு காரணம். அலமாரியில் சில பாட்டில்கள் நாள் முழுக்க ஏறாமல் இறங்காமல், கழுத்து வரை நிறைந்து நிற்கும். அலுவலகத்தில் அவற்றைத்தான் நல்ல பிள்ளைகள் என்று சொல்வார்கள். சுத்தம் செய்யும்போது கையில் ஆடாது. ஒருநாள் ஃபோனில் பேச வேறொன்றும் இல்லாமல் அதை அவரிடம் சொன்னாள். எந்தெந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள்.

“நிறைஞ்சு நிக்கலம்மா. அங்க யாரும் அடிக்கல. பம்பு கெட்டுப்போச்சு. ஒரு வாஷர் தேஞ்சிருக்கும், மாத்த ஆள் இருந்திருக்காது.”

“அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? நீங்க கிளம்பி வாங்க.”

“இங்க யாருக்காவது பம்பு வேலை பழக்கிட்டு வந்துடறேன்.”

ஃபோனை வைத்த பிறகு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பழக்கிவிட்டு என்ற வார்த்தைக்கு எத்தனை வருடம் என்று அவரும் சொல்லவில்லை. அடுத்த தெருவில் இருந்த நாத்தனார், அவருக்கு அக்கா, வாரம் தவறாமல் வந்து அடுப்படியில் நின்றுகொண்டு தம்பியைத் திட்டுவாள். “அவன் அங்க ஒரு குடும்பம் வெச்சிட்டான்னு ஊரே பேசுது. நீ பாட்டிலப் பாத்துக்கிட்டு உக்காந்திரு.” இவள், “வெச்சா பாட்டில் சொல்லும் அண்ணி” என்பாள். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே போவாள். அவளுக்கும் தம்பியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதைத் திட்டாமல் சொல்ல அவளுக்குத் தெரியாது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மலைக் கிராமத்துப் பாட்டில் கலங்கியது. முதலில் தேநீரில் பால் விட்டது போல லேசாக, அப்புறம் அடியில் ஏதோ படிந்தது. அவள் மெழுகை உடைத்துக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துப் பார்த்தாள். குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அவள் கையால் எழுதிய அதே தண்ணீரில் இப்போது மலக்கிருமி இருந்தது. சந்தையிலிருந்து அவர் பேசும் நாள் வரை அவள் சாப்பிட்டது அவளுக்கே ஞாபகம் இல்லை. அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ரெண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றார். பம்புக்கு மேலே, மேட்டில், ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லாமல் கழிப்பறைக் குழிகள் இருந்தன. கீழே தள்ளிக் கட்டினால் இரண்டும் ஒரே படத்தில் விழாது. ஒரே படம் வேண்டும் என்று சங்கம் சொன்னது, இவரும் தலையாட்டிவிட்டார். “அந்தக் குழிய மூடிட்டு, தள்ளி வேற வெட்டிக்கிட்டிருக்கேன்மா. ஒத்தக் கையாப் பாறைய வெட்டறேன். எப்ப முடியும்னு தெரியல.” தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். விறகு ஏது என்று அவர் கேட்கும்போது ஃபோன் அறுந்தது.

தலைவரிடம் போனாள். ஒரு கிராமத்துக்கு ஒரு முறைதான் என்றார். “அந்த ஊர் முடிஞ்சுதேம்மா, சுவத்துல இருக்கு பாரு.” சுவரில் இருந்தது. பம்பும் கழிப்பறையும் பக்கத்தில் பக்கத்தில், கல்யாண ஜோடி போல, நடுவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் புருஷன். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஆண்டுக் கூட்டம் அதே மாடியில் நடந்தது. பேக்கரிக்காரர் பன் கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் டம்ளரும் தண்ணீரும் வைத்தது அவள்தான். தலைவருக்கு எதிரே மட்டும் மலைக் கிராமத்துப் பாட்டிலை வைத்தாள். தாகத்தைத் தீர்ப்பதைவிடப் பெரிய தர்மம் இல்லை என்று அவர் உருக்கமாகப் பேசினார், தொண்டை வறண்டது, பேச்சை நிறுத்தாமலே ஊற்றி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். அந்த நேரத்தில் அங்கே பம்பு ஒரு நொடி காற்றாகச் சத்தம் போட்டு நின்றதாகவும், வரிசையில் நின்ற பெண்கள் திட்டியதாகவும் பிறகு தெரியவந்தது. வாடை அடித்திருக்க வேண்டும். தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னம்மா இது?”

“நாம குடுத்த தண்ணிதான் சார். சுவத்துல இருக்கிற ஊரு.”

“இத எப்படிம்மா குடிக்கிறது?”

“அங்க குடிக்கிறாங்க சார். என் வீட்டுக்காரரும் குடிக்கிறாரு.”

யாரும் பன்னைத் தொடவில்லை. கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு இரண்டு விதிகளும் போயின. குழி தள்ளி வெட்டுவதற்கும், கெட்டுப்போன பம்புகளைப் பழுது பார்ப்பதற்கும், அந்தந்த ஊரிலேயே ஆள் பழக்குவதற்கும் முடிவானது. அடுத்த வருடம் மலையிலிருந்து வந்த படங்கள் இரண்டு. தலைவர் இரண்டு ஃப்ரேம் போட்டு, ஒன்றைச் சுவரின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் மாட்டினார். நடுவில் வேறெதையும் மாட்ட விடவில்லை. நல்ல பிள்ளைகளில் சில மறுபடி ஏறி இறங்கத் தொடங்கின. மலைக் கிராமத்துப் பாட்டில் தெளிந்தது.

இனிமேல் வந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். தலையணை உறையை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். சந்தையிலிருந்து ஃபோன் வரவில்லை. ஆனால் சாயங்காலமானால் பாட்டிலில் ஒரு நூல் இறங்கி, நின்று, காது கொடுத்து, இறங்கியது. ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். பார்க்காமலாவது இருக்கலாம் என்று சில நாள் நினைத்தாள். முடியவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், பாட்டில் இறங்கி நின்று இறங்கியதைப் பார்த்துவிட்டு, வழக்கமான கனத்தோடு படியேறி வீட்டுக் கதவைத் தள்ளினாள். பூட்டியிருக்கவில்லை. அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விழத் தொடங்கியது.

அவர் இளைத்திருந்தார், கை இரண்டும் பாறை மாதிரி ஆகியிருந்தது. அவள் அழுதாள், அடித்தாள், இன்னொரு தடவை அழுதாள். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“நீங்க இங்க இருக்கீங்க. அப்ப இன்னிக்கி அங்க அடிச்சது யாரு?”

அவர் விவரம் கேட்டார். அவள் சொன்னாள், எப்படி இறங்கியது, எப்படி நின்றது என்று. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த ஊர் மருத்துவச்சியாகத்தான் இருக்கும் என்றார். வாஷர் மாற்ற, கம்பி இறக்க எல்லாம் அவளுக்குத்தான் பழக்கினாராம்.

“ஆனா நிறுத்திக் காது குடுக்கிறத நான் சொல்லித் தரவே இல்லம்மா. பாத்துக்கிட்டே இருந்திருக்கா.”

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நாத்தனார் மட்டும் மருத்துவச்சிக்கு என்ன வயது என்று விசாரித்தாள்; பேரனுக்கே கல்யாணமாகிவிட்டது என்று தெரிந்ததும் சமாதானமானாள்.

அவர் மறுபடி எங்கும் போகவில்லை. ஆனால் வீட்டில் முழுசாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. பொழுது சாயும்போது கை தானாக ஒரு பிடியைத் தேடும். சைக்கிள் கடை மாடிக்குப் போய் அலமாரி முன்னால் நிற்பார், அவள் இத்தனை வருடம் நின்ற அதே இடத்தில். அவள் பின்னால் நின்று அவர் முதுகைப் பார்ப்பாள். அந்த முதுகில் என்ன இருக்கிறது என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? கொஞ்ச நாள் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு ஒருநாள் தலைவரிடம் சொல்லிவிட்டு, மலைக் கிராமத்துப் பாட்டிலைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படி ஜன்னலில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் அது இறங்கி, நின்று, மறுபடி இறங்கிய பிறகுதான் அந்த வீட்டில் தட்டு வைப்பார்கள். மருத்துவச்சிக்கு வேலை இருந்து தாமதமானால், சாப்பாடும் தாமதமாகும்.