அவருக்குப் பதில் சொன்னவள்

அற்புதமேரியால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. உலை கொதிக்கும்போதே வாசலுக்கு வந்து வேன் நிற்கிறதா என்று பார்ப்பாள். குளிக்கப் போனாலும் காது வெளியேதான் இருக்கும். கணவர் பாஸ்கல் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், ஈரத் தலையோடு ஓடிவந்து முன் சீட்டில் ஏறிக்கொள்வாள்.

பாஸ்கல் மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பழைய வேனை வாங்கினார். பெருமுக்கல் பக்கத்து ஊர்களிலிருந்து உப்பளத்து வேலைக்கு வரும் பெண்களைக் காலையில் ஏற்றிவந்து விடுவார், மதியம் வெயில் ஏறியதும் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். அற்புதமேரி கூடவே போவாள். "அக்காவும் அண்ணனும் இந்த வயசுல எப்படி ஒட்டிக்கினு இருக்காங்க பாரு" என்று பின்சீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

சிரித்துக்கொண்டே தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு வருவாள். "இங்கதான் திரும்பணும். லாரி வருது, மெதுவா. சாலம்மா நிக்குது பாருங்க, நிறுத்துங்க." பாஸ்கல் அவள் சொன்னபடி செய்வார். கையும் காலும் பழக்கத்தில் ஓடின. எங்கே போகிறோம் என்பதை மட்டும் அவள் சொல்ல வேண்டியிருந்தது.

பாண்டியில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் கிறிஸ்டி, போன தடவை வந்தபோதே கேட்டாள். "அப்பா ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேக்குறாரும்மா. டாக்டரைப் பாக்கலாமா?"

"வயசானா அப்படித்தான். எனக்குந்தான் மறக்குது. கண்ணாடிய நெத்தில மாட்டிக்கினே தேடுறேன்."

அதோடு பேச்சை முடித்துவிட்டாள். மகள் பஸ் ஏறியபின் வெகுநேரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் அற்புதமேரியின் அம்மாவுக்கு நினைவுப் பூசை. விடியற்காலைப் பூசைதான், சீக்கிரம் முடிந்துவிடும். பாஸ்கல் கையில் காபியைக் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் கெளம்பக் கூடாது, சொல்லிட்டேன்" என்று இரண்டு முறை சொன்னாள். அவரும் தலையாட்டினார். கோயிலில் அவளால் நற்கருணை வாங்கும் வரைகூட நிற்க முடியவில்லை. பாதியிலேயே எழுந்து வந்தாள்.

வாசலில் வேன் இல்லை. காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

வழக்கமாகப் போகும் இடத்துக்குத்தானே போயிருப்பார் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். பெண்களை ஏற்றும் நேரம் தாண்டியதும் சாலம்மாளுக்குப் போன் செய்தாள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு மேஸ்திரி அவள்தான்.

"அக்கா, நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்," என்றாள் சாலம்மாள். பின்னால் பெண்களின் சிரிப்பும் சலசலப்பும் கேட்டன. "எங்கள எல்லாம் சரியா ஏத்திக்கினாரு. மரக்காணம் வந்து உப்பளத்துப் பக்கம் திரும்பாம பாண்டி ரோட்டுல போய்க்கினே இருக்காரு. ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலயும் நிறுத்துறாரு. யாராச்சும் ஏறுவாங்களான்னு கண்ணாடியில பாத்துட்டு எடுக்குறாரு. வெளையாடுறாரா என்னா?"

அற்புதமேரி அவசரமாகச் சொன்னாள். "வெளையாட்டு இல்ல சாலம்மா. அடுத்த தடவை நிறுத்தறப்போ எல்லாரும் எறங்கிடுங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "அண்ணனைத் தனியா விட்டுட்டா?" என்றாள் சாலம்மாள். பிறகு, "இவங்க எறங்கட்டும், நான் முன்னால போய் குந்திக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அற்புதமேரி கிறிஸ்டிக்குச் சொன்னாள். தெருமுனைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். போன் அடித்தபோது எடுக்கப் பயந்தாள். சாலம்மாள்தான் பேசினாள்.

கோட்டக்குப்பத்தில் கூட்டமான இடத்தில் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் குறுக்கே திரும்பியிருக்கிறாள். சாலம்மாள் கத்தியதில் பாஸ்கல் பிரேக் போட்டார். ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூடிய கூட்டம் பாஸ்கலைக் கீழே இறக்கியது. அவர், "பாண்டி வந்துடுச்சா? எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று கேட்டதும், திட்ட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஒருவர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். கிறிஸ்டி வந்து பாண்டிக்கு அழைத்துப் போனாள். அற்புதமேரியும் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தாள்.

பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் நிவேதா முதலில் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பினார். தைராய்டு கோளாறு, சத்துக்குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்ய முடியும் என்றார். அற்புதமேரி அப்படி ஏதாவது இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். மறுநாள், அப்படி எதுவும் இல்லை என்றுதான் முடிவுகள் வந்தன. அதன்பின் கேள்விகள் தொடங்கின.

"இது என்ன மாசம் ஐயா?"

பாஸ்கல் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஜூலைங்க," என்றாள் அற்புதமேரி.

"இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மறுபடியும் அவர் திரும்பினார். "இட்லி," என்றாள் அவள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் கேட்கிற ஒவ்வொண்ணுக்கும் ஐயா உங்க முகத்தத்தான் பாக்கறாரு. நீங்க கொஞ்சம் அவருக்குப் பின்னால உக்காருங்க. என்ன ஆனாலும் பேசக் கூடாது."

அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பாஸ்கல் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கிவிட்டு, மீதி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மூன்று வார்த்தைகள் என்ன என்று கேட்டபோது, "எந்த வார்த்தைங்க?" என்றார். அவர் கழுத்து தானாகப் பின்பக்கம் திரும்பியது. அற்புதமேரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பதில் தெரிந்தும் சும்மா இருப்பது பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது.

பிறகு கிறிஸ்டி அப்பாவை வெளியே அழைத்துப்போனாள். டாக்டர் அற்புதமேரியிடம் தனியாகப் பேசினார். வேனில் நடந்ததையெல்லாம் அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப இவ்வளவு நாளா வண்டிய யாரும்மா ஓட்டினது?"

வேனில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. அவர்களுக்கு வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். "எனக்கும் மறக்குதே டாக்டர்," என்றாள் கடைசியில். "நாத்தனார் பொண்ணு பேரு அன்னைக்கி வாய்ல வரவே இல்ல. அவருக்கும் அதான்னு நெனச்சேன்."

"அப்புறம் வந்துச்சா?"

"சாயங்காலம் துணி மடிக்கறப்ப வந்துடுச்சு."

"அது வயசு. கொஞ்சம் லேட்டாகும், ஆனா வரும். உங்க சமையல், வரவு செலவு, போறது வர்றது எதுவும் நிக்கல. ஐயாவுக்குப் பழகின வேலையே கைய விட்டுப் போகுது. கேட்டது பதியவே மாட்டேங்குது. இது டிமென்ஷியா, மூளையில வர்ற நோய். மாத்திரை கொஞ்சம் உதவும், குணமாக்காது. இனிமே அவர் வண்டி ஓட்டவே கூடாது. நீங்க பக்கத்துல இருந்தாலும்தான்."

திரும்பும் பஸ்ஸில் பாஸ்கல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கோட்டக்குப்பம் தாண்டும்போது ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தார். "நான் யாரையாச்சும் இடிச்சிட்டேனா?" என்றார். வேன் ஓட்டிவந்த அந்தப் பயணத்தில் எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. பயம் மட்டும் எங்கேயோ தங்கியிருந்தது.

"ஒரு பொண்ணு கீழ விழுந்துச்சுங்க. சிராய்ப்புதான். நல்லா இருக்குது."

"நீ ஏன் எனக்குப் பதிலு சொல்லிக்கினே இருந்த?" என்று கேட்டார்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் அற்புதம்."

இத்தனை மாதங்களில் இதை இருவரும் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

வேனைத் திண்டிவனத்துக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அன்று பாஸ்கல்தான் நின்று கிளட்ச்சைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னார். மறுநாள் அது நினைவில்லை. வாசலுக்கு வந்து வெறும் தரையைப் பார்த்துக் கத்தினார். "வண்டிய யாரு எடுத்தது? ஏய், நீதான் வித்துட்டியா?"

தெருவில் ஆட்கள் நின்றார்கள். முன்பென்றால் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருப்பாள். சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று ஏதாவது கதை கட்டியிருப்பாள். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தும்விட்டது.

"ஆமாங்க, நாமதான் குடுத்தோம். உங்களுக்கு உடம்பு சரியில்ல," என்றாள். பிறகு எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இவருக்கு மறதி நோய் வந்திருக்குது. வழி தெரியாம எங்கயாச்சும் நின்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

பாஸ்கல் அவளை முறைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அவள் செருப்பு மாட்டாமல் பின்னால் ஓடினாள். எதிரே, உப்பளத்தில் வேலை முடிந்து சாலம்மாள் வந்துகொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிய கால்கள் வெளுத்திருந்தன.

"என்னா அண்ணே, எங்க இவ்வளவு வேகமா?"

"வண்டியப் பாக்கணும்."

"நானும் டீக்கடைக்குத்தான் போறேன். வா, ஒரு டீ குடிச்சிட்டுப் பாக்கலாம்."

அவர் யோசித்து, அவளோடு நடந்தார். சாலம்மாள் திரும்பி, நீ வீட்டுக்குப் போ என்று அற்புதமேரிக்குக் கையால் காட்டினாள்.

அற்புதமேரி போகவில்லை. சுடுகிற தார் ரோட்டில் கால் மாற்றி மாற்றி நின்று, அவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்காரும்வரை பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள். வழியில் ஒரு முறை நின்று எட்டிப் பார்த்தாள். பாஸ்கல் டீயை ஆற்றிக்கொண்டே ஏதோ சொல்ல, சாலம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.