ஜன்னலோரப் பலகைகள்

மூன்றாவது தடவையும் தரை தேய்க்கும் மெசின் அதே இடத்தில் நின்றது. முத்துலிங்கம் கைப்பிடியை விட்டுவிட்டு, கரண்ட் போய்விட்டதா என்று நடைவழியை எட்டிப் பார்த்தான். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தரைக்கும் ரோலர்கள் ஓடத் தொடங்கினால் பங்களா விளக்கெல்லாம் ஒரு நிமிடம் மங்கும் என்று சமையல்காரர் சின்னத்தம்பி காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். விளக்கு மங்கவும் இல்லை.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெரிய பங்களா அது. தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறி மூன்று வாரமாகியிருந்தது. வரப்போகும் துரையின் மனைவி வீட்டைப் பார்க்க வந்தபோது, மண்டபத்தின் கிழக்கு ஜன்னலடியில் பலகைத் தரை கறுத்துக் கிடந்ததைக் கண்டு முகத்தைச் சுளித்தாளாம். கறையையும் எடுத்து, தரை முழுவதையும் வெளுப்பாக்கித் தர வேண்டும் என்பது உத்தரவு. ஹட்டன் மரக்கடை முதலாளி அந்த வருஷம்தான் கொழும்பிலிருந்து தரை தேய்க்கும் மெசினை வாங்கியிருந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் லொறியில் ஏறும். கீழே உருளை, அதைச் சுற்றி முரட்டு உப்புத்தாள், பின்னால் தூசி சேரத் துணிப்பை. ஒரு மூச்சு நேரம் ஒரே இடத்தில் நிற்கவிட்டால் தரையில் குழி பறித்துவிடும். மர ரேகையின் போக்கிலேயே, நிற்காமல் நடந்துகொண்டிருக்க வேண்டும். கடையில் அந்த நடை முத்துலிங்கத்துக்கு மட்டும்தான் கைவந்திருந்தது.

இரண்டு நாளில் மண்டபம் வெளுத்துவிட்டது. முப்பது வருஷத்து மெழுகும் பாலிசும் கறுப்புத் தூளாகப் பைக்குள் போக, பலகை பலாச்சுளை நிறத்தில் வெளியே வந்தது. மிச்சமிருந்தது ஜன்னலடிதான். இரண்டு முழ நீளம், அரை முழ அகலம்.

மெசினை ஒரு பலகை தள்ளி இழுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தான். ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. திரும்ப ஜன்னலடிக்குத் தள்ளினான். நின்றது. இந்த முறை வேறொன்றும் கேட்டது. உருளை சுற்றி ஓய்ந்த பிறகும், காற்று புகமுடியாத தொண்டையில் சிக்கியது போல ஒரு சிறு இளைப்பு இரண்டு மூன்று தடவை இழுத்து அடங்கியது. மோட்டார் சூட்டில் இரும்பு சுருங்கும் சத்தமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான். எண்ணிக்கொண்டே முழந்தாளிட்டு, ஆணித்தலை ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான்.

கையை வெடுக்கென்று எடுத்தான். பலகை சுட்டது.

எரிக்கிற சூடில்லை. கழுத்தடியில் கைவைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. பக்கத்துப் பலகையைத் தொட்டான்; மார்கழிக் குளிரில் ஈயம் போலச் சில்லிட்டிருந்தது. கணப்படுப்பு எதிர்ச்சுவரில் இருந்தது. பழைய துரை போன பிறகு அதில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. அவன் மறுபடி விரல்களால் ஓரம் பார்த்தான். சூடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு கிழிக்கலாம் போலிருந்தது. ஒரு முனையில் உருண்டையாக, பிறகு அகலமாக, அப்புறம் இரண்டாகப் பிரிந்து.

"அந்த எடம் அப்படித்தான் தம்பி இருக்கும்."

வாசலில் பூரணி நின்றாள். இருபது வருஷமாக இந்தத் தரையை முழந்தாளிட்டுத் தேய்த்தவள். புதிய துரைசாணி சொந்த வேலைக்காரர்களோடு வருவதால், நாளை முதல் அவளுக்குத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் வேலை என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாளாக அவள் ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவதை முத்துலிங்கம் கவனித்திருந்தான்.

"என்னக்கா இது? கீழ என்ன இருக்கு?"

"கீழ ஒன்னுமில்ல." அவள் உள்ளே வந்து, வெளுத்த பலகைகளில் கால்படாமல் சுவரோரமாக நடந்து, ஜன்னலடியில் உட்கார்ந்தாள். "நாப்பத்தெட்டுல எம்புள்ள அஞ்சலைக்குக் காச்ச. மூனு வயசு. காச்சக்காரப் புள்ளைய, வேலைக்குப் போறவங்க புள்ளைகளப் பாத்துக்கிற புள்ளைக்காம்பராவுல சேக்கமாட்டேன்னுட்டாங்க. இங்க தூக்கியாந்து ஒரு சாக்க விரிச்சுப் படுக்கப் போட்டேன். அன்னைக்கு சாயங்காலம் பங்களாவுல விருந்து. நாலு மணிக்குள்ள தரை மின்னணும்னு தொர சொல்லியிருந்தாரு."

 அவள் உள்ளங்கை தானாகவே கறுத்த இடத்தைத் தடவத் தொடங்கியது. வருஷக்கணக்காக அந்தக் கை தடவித் தடவித்தான் பலகை கறுத்தது என்று முத்துலிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

"சாக்க விட்டு உருண்டு வெறும் பலகையில படுத்துக்கிருச்சு. மேலு காஞ்சதுனால பலகை சில்லுனு இருந்திருக்கும். இழுத்து இழுத்து மூச்சு விட்டுச்சு. நான் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். பெறகு சத்தமில்ல. தூங்குதுன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தேன்..." ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி முட்டிக்கொண்டு நின்றது. "இன்னும் பாதித் தரை கெடந்துச்சு தம்பி. தேய்ச்சு முடிச்சேன். முடிச்சிட்டுத்தான் தூக்கினேன். அப்ப அது மேலுல சூடு இல்ல. எல்லாத்தையும் இந்தப் பலகை வாங்கிக்கிருச்சு."

முத்துலிங்கம் மெசினை ஜன்னலடியிலிருந்து பின்னுக்கு இழுத்தான். "இத இப்படியே விட்டுறலாம்க்கா. மெசின் ஓடலேன்னு சொல்லிக்கிறேன்" என்றான்.

அவள் வேகமாகத் தலையசைத்தாள். "வேணாம். நாளைக்கு நான் மலைக்குப் போயிருவேன். பெறகு இந்தப் பங்களாப் படியில கால் வைக்க முடியாது. அத இங்க தனியா விட்டுட்டுப் போகவா? தேய்ச்சு எடுத்துக் குடுங்க." பிறகு துணிப்பையைக் காட்டினாள். "அதுல இருக்கிறத மொதல்ல கொட்டிருங்க. மத்த தூசி கலக்க வேணாம்."

அவன் பையை வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு வந்தான். புது உப்புத்தாள் சுற்றினான். சுவிட்சைப் போட்டான். மெசின் ஓடவில்லை.

பூரணி குனிந்தாள். கன்னம் பலகையில் பட, அவனுக்குக் கேட்கக்கூடாது என்பது போலச் சொன்னாள். "எந்திரிடி ஆத்தா. அம்மாவுக்கு வேல முடிஞ்சிருச்சு. வா, வீட்டுக்குப் போவோம்."

எழுந்து விலகி நின்றாள். மெசின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

முத்துலிங்கம் நடந்தான். முன்னே ஐந்தடி, பின்னே ஐந்தடி. கைப்பிடி வழக்கத்தைவிட லேசாக இருந்தது. முன்னால் யாரோ இழுத்துக்கொண்டு போவது போல. ஐந்தாறு நடையில் கறுப்பு முழுக்கப் போய்விட்டது. நிறுத்திவிட்டுக் குனிந்து தொட்டான். பலகை மற்றப் பலகைகளைப் போலவே சில்லிட்டிருந்தது.

பைக்குள் இரண்டு கைப்பிடித் தூள் இருக்கும். சின்னத்தம்பி கொடுத்த மாவுச் சாக்கில் அதைக் கொட்டி முடிச்சுப் போட்டான். சாக்கு சுட்டது. இதற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். பழைய மெழுகு கலந்த தூள் மூடிக்கிடந்தால் தானாகவே சூடேறும். போன மாசம் கொட்டகலையில் ஒரு கடையின் பின்கட்டு அப்படித்தான் எரிந்தது.

"அக்கா, இத வீட்டுக்குள்ள வைக்காதீங்க. தானாத் தீப்புடிச்சிரும். ஒரு தகரத்துல போட்டு வெளிய வைங்க."

அவள் அவனைப் பார்த்தாள். "வெளியிலயா? இந்தக் குளிர்லயா?"

சாக்கை வாங்கி இடுப்பில் ஏற்றி, முந்தானையால் மூடிக்கொண்டு படியிறங்கினாள். தேயிலைக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையின் திருப்பத்தில் நின்று, பாரம் தாங்காதவள் போல மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். ஏதோ பதில் சொல்லிவிட்டு நடந்தாள்.

வார்னிஷ் பூச இன்னும் வெளிச்சம் இருந்தது. முத்துலிங்கம் தூரிகையை எடுக்கவில்லை. வெளியே வந்து சின்னத்தம்பியிடம், "பூரணியக்கா வீடு எதுங்க?" என்று கேட்டான்.

"கடைசி லயம். ஓரத்து வீடு."

பனி சற்று விலகி, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள் தெரிந்தன. மலை வேலைக்குப் போனவர்கள் திரும்பி அடுப்பு மூட்டும் நேரம். வரிசையாக எல்லாக் கூரைகளின் இடுக்கிலிருந்தும் புகை கசிந்துகொண்டிருந்தது. வரப்போவது அடுப்புப் புகையா, அந்தச் சாக்கின் புகையா என்று அவன் கண்ணை இடுக்கிக் கடைசிக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் மட்டும் இன்னும் புகை எழவில்லை.