ஏர் கிளீனர் மூடியைக் கவிழ்த்துப் போட்டவர்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டதால் பிறந்தது. "காசு செலவில்லாம கார் எஞ்சினுக்கு வேகம் ஏத்துறாங்களாமே, அதக் கிண்டலடிச்சு ஒரு பக்கம் குடுங்க சார்" என்றார். கிண்டல் என்றால் நான் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைப்பேன். உடனே ஓர் ஆளைச் செய்தேன்: இஞ்ஞாசி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாக்ஸி ஓட்டுபவர். வருடம் 1998. பழைய பெட்ரோல் அம்பாசடர்.

முதல் வரி: "திண்டுக்கல்லின் மகா விஞ்ஞானி அன்று காலை பானட்டைத் திறந்து…"

(அடித்துவிட்டேன். ஆள் இடம் கொடுக்கவில்லை.)

2

இஞ்ஞாசி செய்தது இதுதான். எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் ஏர் கிளீனரின் மூடியைக் கவிழ்த்துப் போட்டார். கூடுதல் காற்று போகும், இழுவை கூடும் என்று நம்பிக்கை. அடுத்து சைலன்சரின் உள்தடுப்புகளைத் தட்டி எடுத்தார். வண்டி ரைஸ்மில் மாதிரி அலறியது.

"ஏப்பா பொன்னழகு, இப்பக் கேளு! புது வண்டி தோத்துச்சு போ!"

"நீங்க தாடிக்கொம்புல கெளம்புனா இங்க எங்க ஆத்தா எந்திரிச்சு உக்காந்துருதுண்ணே!" என்றார் பக்கத்து டாக்ஸிக்காரர் பொன்னழகு.

பாராட்டு என்று நினைத்து இஞ்ஞாசி தலையாட்டிச் சிரித்தார்.

(குறிப்பு: வேகம் கூடியதா? இல்லை. சிறுமலை ஏற்றத்தில் முன்பு எந்த வளைவில் கியரை இறக்கினாரோ அதே வளைவில்தான் இப்போதும் இறக்கினார். கூடியது சத்தம் மட்டும். மனிதக் காது சத்தத்தை வேகம் என்று நம்பிவிடும். மேடைப் பேச்சாளர்கள் பிழைப்பது அதனால்தான்.)

3

கிண்டல் இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை சத்தம் இவருக்கு எதற்கு என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

இஞ்ஞாசிக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் தனக்கு மங்கியதை, எஞ்சினே மங்குவதாக எடுத்துக்கொண்டார். வண்டிக்கு வைத்தியம் பார்த்தார்.

அது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி பேச்சாயி. லாரி ஒன்று பின்னாலேயே ஹாரன் அடித்து வந்தும் அவர் ஒதுங்காத நாளில் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி முன்சீட்டில் ஏறிவிடுகிறாள். ஹாரன் கேட்டால் அவர் தொடையில் தட்டுவாள்.

"எதுக்குப் புள்ள சும்மா தட்டுற?"

பேச்சாயி கொசு அடிப்பதுபோல் கையைக் காட்டினாள்.

"ஓடுற வண்டியில ஏது கொசு! நம்ம வேகத்துக்கு அதுவும் ஓடியாருதா?" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

4

முடிவு ஒன்று: அவள் சொல்லாமலே விடுகிறாள். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். அவர் தனியாகப் போகிறார். கொடைரோடு தாண்டி ஒரு லாரி…

(இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: சொல்கிறாள். ஆனால் மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. வீட்டில் கத்தினால், சுவரை ஒட்டிப் பொன்னழகு வீடு. விடிந்தால் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிடும். காது கேட்காத டிரைவர் வண்டியில் யார் ஏறுவார்கள்? ஓடும் வண்டியில் கத்தினாலோ, அவர் ஏற்றிவைத்த சத்தமே அதை விழுங்கிவிடும்.

(எழுதிக் காட்டலாமே என்கிறீர்கள். பேச்சாயிக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்த நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

5

தாடிக்கொம்பில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, பேச்சாயி அவர் தோளைத் தொட்டு, ஓரமாக நிறுத்தும்படி கையைக் காட்டினாள். இரண்டு பக்கமும் மல்லிகைத் தோட்டம். பறிப்பு முடிந்து ஆட்கள் போயிருந்தார்கள். அவளே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"என்ன புள்ள? வண்டி நல்லாத்தான போகுது?"

அவர் அவள் வாயையே பார்த்தார். கொஞ்ச நாளாக எல்லார் வாயையும் அப்படித்தான் பார்க்கிறார்.

பேச்சாயி சொல்ல வேண்டியதை மாற்றி மாற்றி எழுதி அடித்தேன். காகிதத்தில் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பதிலாக நீங்கள் அவரிடம் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் போதாது. கத்தித்தான் சொல்லியாக வேண்டும். திட்டு மாதிரி கேட்டுவிடக் கூடாது.