இருபத்தைந்தாவது விரல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு பலகையைத் தப்பாக அறுத்ததிலிருந்து வந்தது.

மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெருமாள்புரத்தில் வீடு. பொழுது போகவேண்டுமே என்று உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் வாங்கினேன். வாங்கியதை வைக்க ஒரு பெட்டி வேண்டும். அதை மின்சாரக் கருவி எதுவும் தொடாமல் கையாலேயே செய்வது என்று முடிவு கட்டினேன். மின்வாரியத்துக்காரன் எடுக்கிற முடிவா இது என்று என் மனைவி கேட்டாள். நாலாவது நாள் அடிப்பலகை ஒரு விரல்கடை குறைந்துபோயிற்று. அந்தச் சந்து தெரியாமலிருக்க, பெட்டிக்குள் ஓரமாக இன்னொரு பலகையை நிறுத்தி மறைத்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டினால் தெரியும்.

பக்கத்து வீட்டு சாலோமி டீச்சர் வந்து தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன அண்ணாச்சி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். எனக்கு வேர்த்துவிட்டது. ஒன்றையும் ஒளிக்காதவனுக்கு ஏன் வேர்க்க வேண்டும்? அன்று மத்தியானமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்:

"தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்த ஓர் இனிய காலைப்—" வேண்டாம். ஆறு எல்லாக் கதையிலும்தான் ஓடுகிறது.

"1911-ஆம் ஆண்டு, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் சுடப்பட்டுப் பத்து நாள்—" இதுவும் வேண்டாம். 1911 என்றதும் நீங்கள் துப்பாக்கியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். இந்தக் கதையில் துப்பாக்கி கிடையாது. சோதனை உண்டு, வண்டியை மறிப்பது உண்டு, காக்கி உடுப்பைக் கண்டால் ஒதுங்கி நிற்பது உண்டு. வருடத்தை வைத்துக்கொண்டு வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

"சொரிமுத்து ஆசாரி பெட்டியை மூடினார்." இது நிற்கும் போலிருக்கிறது.

3

சொரிமுத்து ஆசாரி சேரன்மாதேவிக்காரர். முப்பது வயது. மனைவி ஆவுடைத்தாய்க்கு ஏழு மாதம். ஊரில் வேலை படுத்துவிட்டது. பாளையங்கோட்டையில் மிஷன் நடத்தும் ஒரு தச்சுப் பட்டறையில் (தேடாதீர்கள், நானே கட்டிய பட்டறை) மேஸ்திரி வேலை காலியாக இருக்கிறது. குடியிருக்க வீடும் தருவார்கள். கிடைத்தால் பிள்ளை பிறக்கும்போது அப்பன் பக்கத்தில் இருப்பான். கிடைக்காவிட்டால் கொழும்புக்குக் கப்பல்.

அந்த வேலைக்கு ஒரு பரீட்சை உண்டு. தச்சுச் சாமான்களை வைக்கும் பெட்டி ஒன்றைக் கையால் செய்துகொண்டு வர வேண்டும். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டும், அதற்குமேல் பரீட்சை பார்க்கும் மிஷன் துரை மலைக்குப் போய்விடுவார். பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் தானியேல் உபாத்தியாயர் அளவு எழுதிய காகிதத்தைக் கொடுத்து, முன்னாலேயே எச்சரித்தும் அனுப்பினார்.

"இது உள்ளளவு. நீளம் இங்கிலீஷ் அங்குலத்துல முப்பத்துமூணு. நாளு, நட்சத்திரம், கோல் கணக்கு ஒண்ணும் இங்கன கிடையாது, ஆசாரி. போன மாசம் ஒருத்தரு கணக்குப் பாத்து ஒரு விரல் கூட்டிச் செஞ்சுட்டு வந்தாரு. திருப்பி அனுப்பிட்டேன்."

சொரிமுத்து வீட்டுக்கு வந்து வேங்கைப் பலகையை எடுத்துப் போட்டார். இழைத்தார். மூலைகளில் பல் வெட்டிக் கோத்தார். அவர் உளியைப் பிடித்தால்—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தகுதியில்லை. உளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இடது கட்டைவிரலில் இருக்கிற தழும்புதான்.)

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இப்படிப்பட்ட கைகாரர் என்னைப்போல ஒரு விரல்கடை தப்பவிடுவாரா? என் தவறை நூறு வருடம் பின்னால் கொண்டுபோய் ஓர் ஆசாரி தலையில் கட்டுவது அநியாயம். அவர் பெட்டியில் சந்து இருக்கிறதென்றால் அது தெரிந்தே விட்டதாக இருக்க வேண்டும்.

தெரிந்தேதான் விட்டார். முப்பத்துமூன்று அங்குலத்துக்கு நேராகத் தன் கோலை வைத்துப் பார்த்தபோது, சரியாக ஒரு கோல். அதாவது இருபத்துநாலு விரல். (ஆசாரிமார் அளவில் விரல் என்பது அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிது.) அவர்கள் வீட்டுக் கணக்குப்படி எதைச் செய்தாலும் நீளத்தை எட்டால் வகுத்தால் ஒற்றைப்படையில் மிஞ்ச வேண்டும். இருபத்துநாலில் ஒன்றுமே மிஞ்சாது. மிச்சமில்லாத பெட்டியைச் செய்கிறவன் வீட்டில் ஒன்றும் தங்காது என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. ஆவுடைத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தபடி இருபத்துநாலு விரலுக்கு அறுக்க அவருக்குக் கை வரவில்லை.

ஆகவே பெட்டியை இருபத்தைந்து விரலுக்குச் செய்தார். உள்ளே ஒரு ஓரத்தில், ஒரு விரல் தள்ளி, மெல்லிய பலகையை நிறுத்தினார். இப்போது கண்ணுக்குத் தெரிகிற உள்ளளவு காகிதத்தில் உள்ளபடி. உண்மையான அளவு சாஸ்திரத்தில் உள்ளபடி. காகிதத்தில் வெளியளவு எழுதவில்லை, எனவே பொய்யும் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, சந்தின் வாயை ஒரு சட்டத்தால் மூடி வச்சிரப் பசை வைத்தார். குளிக்காமல் மூடக்கூடாது.

(இந்தக் கணக்கை நான் நம்புகிறேனா? இல்லை. ஆனாலும் என் பெட்டியை அளந்து பார்த்தேன். இருபத்துமூன்றரை.)

4

செவ்வாய்க்கிழமை காலை. வாடகை வண்டி. பெட்டி, அதற்குள் சாமான்கள், பானை சட்டி, ஆவுடைத்தாய். வேலை கிடைத்துவிடும் என்று வீட்டையே காலி செய்துகொண்டு வருகிறார்கள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியைப் போலீஸ் மறித்தது.

ஏட்டுக்குப் பரமசிவன் என்று பெயர் வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசையும் குரூரமான சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் பிடுங்கிவிட்டேன். அவரும் பயந்துபோன மனிதர்தான்.

சாமான்களை இறக்கச் சொன்னார். பெட்டியின் நாலு பக்கமும் தட்டினார். மூன்று பக்கம் ஒரு சத்தம், நாலாவது பக்கம் வேறு சத்தம். மறுபடி தட்டினார்.

"என்னவே ஆசாரி, இது பொள்ளலா இருக்கு?"

"கணக்குக்காக விட்ட சந்து ஏட்டையா. உள்ள ஒண்ணும் கிடையாது."

"என்ன கணக்கு?"

சொரிமுத்து சொன்னார். இருபத்துநாலு, எட்டு, மிச்சம். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

"இருக்கலாம்," என்றார் ஏட்டு. "எங்க வீட்டு வாசல் நிலைக்கும் ஆசாரி கணக்குப் பாத்தாரு. ஆனா முந்தாநாள் ஒரு வண்டியத் தட்டாம விட்டதுக்கு இன்ஸ்பெக்டர் என்னைய வெயில்ல நிறுத்தி வச்சாரு வே. ஒண்ணு இங்கன பிரிச்சுக் காட்டும். இல்ல, பெட்டியோட ஸ்டேசனுக்கு நடையும்."

பிரித்தால் பலகை சிதையும். ஒட்ட நேரமில்லை. சிதைந்த பெட்டியைக் கண்டதுமே தானியேல் உபாத்தியாயருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிரிக்காவிட்டால் ஸ்டேஷன், அங்கிருந்து எப்போது வெளியே வருவது என்று யாருக்குத் தெரியும்? மணி பத்தரை.

முதல் பிரதியில் அவர் பிரித்துக் காட்டினார். சந்து காலி. ஏட்டு தலையை ஆட்டி வழிவிட்டார். வேலை போயிற்று, கொழும்புக் கப்பல், முற்றும். சுமாரான கதைதான். அதோடு விட்டிருக்க வேண்டும்.

5

விடாமல் சாலோமி டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அந்தப் புள்ளத்தாச்சிய எதுக்கு அண்ணாச்சி வண்டியில சும்மா உக்கார வச்சிருக்கீங்க? அவளுக்குக் கதையில ஒரு சோலியும் இல்லையா?"

சுருக்கென்று இருந்தது. உண்மைதானே? அவளுக்கு ஒரு வயிற்றைக் கொடுத்தேன், வேறொன்றும் கொடுக்கவில்லை. சரி, சொரிமுத்து குளிக்கப் போயிருந்த அந்த அரைமணி நேரம் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

அவளுக்குத் தூத்துக்குடியில் ஓர் அண்ணன், பாபநாசம் என்று பெயர். கலெக்டர் சுடப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை அவள் கையில் வைத்து அழுத்தினான்.

"பத்திரமா வச்சிரு தாயீ. மச்சானுக்குத் தெரியாண்டாம். நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அண்ணன் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தது மட்டும் தெரியும். (எனக்கு எழுத்துத் தெரியும். அதில் எட்டுப் பேருடைய பெயர்கள் இருக்கின்றன, மூன்றாவது பெயர் பாபநாசம்.) பிறகு மணியாச்சிச் செய்தி வந்தது. அடுப்பில் போடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். அண்ணன் வந்து கேட்டால் என்ன சொல்வது? அரிசிப் பானையில் வைத்தாள், எடுத்தாள். தலையணைக்குள் வைத்தாள், எடுத்தாள். புருஷன் ஆற்றுக்குப் போனபோது, வாய் திறந்திருந்த அந்த ஒரு விரல் சந்து கண்ணில் பட்டது. இதை ஒருவரும் திறக்கப்போவதில்லை என்று நினைத்து உள்ளே நழுவவிட்டாள். அவர் ஈரத் தலையோடு வந்து மூடினார்.

இதை எழுதி முடித்ததும் டீச்சரிடம் ஓடினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவளுக்குச் சோலி கொடுங்கன்னு சொன்னேன். இப்படிக் கொண்டு மாட்டி வைக்கவா சொன்னேன்? அத எடுத்திருங்க அண்ணாச்சி. மஞ்சக் கயிறு, விபூதி, என்னமாவது மாத்தி எழுதிருங்க."

6

மாற்றி எழுதிப் பார்த்தேன். சந்துக்குள் சொரிமுத்து அய்யன் கோயிலில் நேர்ந்துகொண்ட மஞ்சள் கயிறு. பாலத்தடிக்குத் திரும்பிப் போய் ஆவுடைத்தாயைப் பார்த்தேன். வண்டிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கயிற்றுக்கு யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். அடித்துவிட்டேன்.

வலி வந்ததுபோல் அவள் நடித்தால்? ஏட்டு இரக்கப்பட்டு அவளை வண்டியில் அனுப்பிவைப்பார், பெட்டியை நிறுத்திக்கொள்வார். அவள் ஏட்டு காலில் விழுந்தால்? அதற்கு மேல் தட்டிப் பார்க்கவே தேவையில்லை. புருஷன் காதில் சொல்லிவிட்டால்? அவர் முகத்தில் எதுவும் மறையாது, இருபத்துநாலு விரலுக்கே கை வராமல் போனவர். பெட்டியை ஆற்றில்—

(இல்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிளும் நிற்கிறார்கள். எனக்கு மூளை ஓடவில்லை.)

இப்போது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிற இடம் வருகிறது. சொரிமுத்து தெளிந்துவிட்டார். மண்ணில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். வேலை போனால் போகிறது. தப்பு எதுவும் செய்யாதவன் ஸ்டேஷன் படியேறக் கூடாது. பிரித்துக் காட்டிவிட்டு நேரே உபாத்தியாயரிடம் போய், நடந்ததை நடந்தபடி சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். அந்த மனுஷனும் பிள்ளைகுட்டிக்காரர்தானே. எனக்கு அவர்மேல் மரியாதை வந்த நிமிஷம் இதுதான்.

சாமான் குவியலிலிருந்து அகல உளியை எடுத்தார். முனையைச் சட்டத்தின் ஓரத்தில், தான் வச்சிரம் பூசிய கோட்டிலேயே, பார்த்து வைத்தார். மரச்சுத்தியலான கொட்டாப்புளியை ஓங்கினார். அப்போதுதான் பெண்டாட்டியின் முகத்தைக் கவனித்தார். வெளிறிக் கிடந்தது. ஏட்டைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"நீ ஏன் பயப்படுத?" என்றார் சொரிமுத்து. "உள்ள ஒண்ணும் கிடையாதுலா."

ஆவுடைத்தாய் வாயைத் திறந்தாள். "பைய அடிங்க," என்றாள்.

7

இதை எழுதி மூன்று மாதம் ஆகிறது. அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. அடிக்க வைத்தால் எட்டுப் பேரையும் இந்த இருவரையும் நான் காட்டிக்கொடுத்ததாகும். நிறுத்த வைத்தால், ஒரு நல்ல மனிதர் தன் யோக்கியதையை நிரூபிக்க எடுத்த ஒரே முடிவைத் தட்டிப் பறித்ததாகும். டீச்சரிடம் கேட்டேன். இந்த மாதிரி விஷயத்துக்கு என்னிடம் வராதீர்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்.

இதுவரை படித்துவிட்டீர்கள். சந்துக்குள் என்ன இருக்கிறதென்று சொரிமுத்துவைத் தவிர நம் எல்லோருக்கும் தெரியும். அடிக்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா, யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். கொட்டாப்புளியை ஓங்கியபடியே நிற்கிறார் மனிதர், கை வலிக்கும்.