கடைசி அத்தியாயம் மட்டும் வரலை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான், கேட்டவள் என் அக்கா, இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. பொய் மொத்தம் நான்கு சொற்கள்தான். அவற்றைத் தலைப்பிலேயே வைத்துவிட்டேன், தேடி அலைய வேண்டாம்.

இப்படித் தொடங்க எனக்கு ஆசையே இல்லை. வேறு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பெரிய மருத்துவமனையின் நாலாயிரம் நோயாளிகளின் பதிவுகள் ஒரே நொடியில் மறைந்தபோது, அந்தப் பொறியாளன் மட்டும் பதறவில்லை. உயரமான அவன்..."

அவனுக்கு என் முகம், என்னிடம் இல்லாத உயரம். தூக்கிப் போட்டேன்.

"பொறாமை என்பது மனித இனத்தின் ஆதி..."

இது கட்டுரை. அதுவும் யாரும் கேட்காத கட்டுரை.

மூன்றாவதில் அக்காவைப் பொல்லாதவளாக்கினேன். தம்பி எழுதியதைப் படித்து உதட்டைப் பிதுக்குகிறவள். அப்படி இருந்தால் என் பக்கம் கொஞ்சம் நியாயம் சேரும். ஆனால் அவள் ஒருநாளும் உதட்டைப் பிதுக்கியதில்லை. பதினோரு வருடங்களாக நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், வாசகரே. அலுவலகங்களில் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். நாளெல்லாம் மங்கலான ஓர் அறையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் கண்முன் ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்பது அவள் பிழைப்பு.

வீட்டில் 'எழுத்தாளர்' என்பது என் பட்டப்பெயர். பாதி கிண்டல்தான், ஆனாலும் என்னுடையது. பதினோரு வருடத்தில் மூன்று சிறுகதைகள் அச்சேறியிருக்கின்றன. இரண்டு வருடம் முன்பு அக்கா, "நானும் ஏதாவது எழுதிப் பாக்கட்டுமாடா?" என்றாள். எழுதேன் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அவள் நாவல் எழுதினாள். முதல் பகுதியைப் படித்த பதிப்பகம், ஒரே வாரத்தில், முழுவதையும் கேட்டது.

அன்று அம்மா, "எழுத்தாளரே, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது அக்காவை.

(இங்கே 'வயிறு எரிந்தது' என்று எழுதி அடித்தேன். பிறகு யோசித்தால், எரிந்ததுதானே. இருக்கட்டும்.)

3

இனிக் கொஞ்சம் தொழில். கொட்டாவி விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் நான்கு டிஸ்க் கொண்ட ஒரு பெட்டி உண்டு, நான் அமைத்தது. அதில் போடுவதெல்லாம் நான்கிலும் பங்கு பிரிந்து பதிவாகும். ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பங்கைத் திருப்பித் தந்துவிடும். இரண்டு போனால் எல்லாம் போனது. அக்காவின் நாவலும் அதில்தான் இருந்தது.

"லேப்டாப்லயும் ஒரு காப்பி இருக்கட்டுமேடா" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"எதுக்கு? என் மேல நம்பிக்கை இல்லையா?"*

* பெட்டி எவ்வளவு நல்லதானாலும் தனியாக ஒரு பிரதி வேண்டும் என்று வாரம் ஒரு வாடிக்கையாளருக்காவது பாடம் நடத்துகிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

ஒரு சனிக்கிழமை காலை, அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருளுக்குப் புதிய அப்டேட் வந்திருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் போல அதைப் போட்டேன். பெட்டி அணைந்து எழுந்தபோது இரண்டாவது டிஸ்க்கையும் நான்காவது டிஸ்க்கையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. "இரண்டு புதிய டிஸ்க்குகள் உள்ளன. துடைத்துத் தயார் செய்யவா?" என்று மரியாதையாகக் கேட்டது.

அக்கா என் பின்னால் நின்றிருந்தாள்.

"நாவல் அதுலதானே இருக்கு?"

"ஆமா."

"அடுத்த வெள்ளிக்கிழமை குடுக்கணும்டா."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சரி, நீதான் இருக்கியே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். இந்த வாக்கியத்தை எப்படியாவது கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். முடியவில்லை.

4

வேலையைக் குறை சொல்ல முடியாது. டிஸ்க்குகளை உருவுவதற்கு முன் மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டேன், ஏனென்றால் வரிசை மாறினால் வருவது குப்பை. அசலில் கை வைக்காமல் ஒவ்வொன்றையும் அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுத்தேன். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று. டிஸ்க்குகள் கெடவில்லை, புது மென்பொருளுக்குத்தான் அவற்றை அடையாளம் தெரியவில்லை; ஆகவே நகல்களைப் பழைய மென்பொருள் உள்ள இன்னொரு பெட்டியில் அதே வரிசையில் செருகி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்துத் திறந்தேன். செவ்வாய் மதியம் எல்லாம் வந்தன. அம்மாவின் புகைப்படங்கள், என் கதைகள், அக்காவின் பத்தொன்பது அத்தியாயங்கள்.

(கதையை இங்கேயே முடித்திருந்தால் நான் நல்லவன்.)

ஃபைலின் பெயரும் அளவும் சரியாக இருந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லாமல் போகலாம். திறந்து பார்த்தால்தான் மீண்டதா என்று தெரியும். ஆகவே திறந்தேன். "முடிச்சுட்டு மொத்தமா தரேன்" என்று அவள் எனக்குக் காட்டாமல் வைத்திருந்த நாவல். பதினெட்டு அத்தியாயம்வரை ஆங்காங்கே குறை கண்டுபிடித்து நிம்மதியாகவே இருந்தேன்.

பத்தொன்பதாவதில், மணிக்கட்டு உடைந்த ஒருத்தி சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி வருகிறான். ஆறுதல் சொல்லத் தெரியாதவன். ஓர் ஆரஞ்சை உரித்து, சுளைசுளையாக வெள்ளை நாரை எடுத்து, அவளுடைய இடது கையில் ஒவ்வொன்றாக வைக்கிறான். நாவல் முடிகிறது.

அந்த ஆரஞ்சை உரித்தவன் நான். அவள் மணிக்கட்டு உடைந்த வருடம், எனக்குப் பதினாறு வயதில். அது கதை என்று பதினோரு வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான், அதைக் கண்டு எடுத்து உருக்கியவள் அவள். நன்றாக இருந்தது. தாங்க முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. அந்த ஒரு ஃபைலை என் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். பிறகு மீட்டதிலிருந்து அதை அழி...

5

மேஜையில் அந்த நான்கு சொற்களைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு வந்துச்சேடா. நீ இல்லைன்னா அதுவும் போயிருக்கும்."

வியாழன்வரை உட்கார்ந்து மறுபடி எழுதினாள். அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னென்னவோ எழுதிட்டேன். அந்தத் தம்பி மட்டும் திரும்ப வரவே மாட்டேங்கிறான்டா."

"எந்தத் தம்பி?"

"கதையில ஒருத்தன் இருந்தான்."

"போனாப் போறான், விடு" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவன் இல்லாமலேயே அனுப்பினாள். புது முடிவில் மணிக்கட்டு உடைந்தவள் சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மோசமில்லை. அவ்வளவுதான்.

6

மீபுனைவு, அதாவது தன்னைப் பற்றியே பேசும் கதை, எழுதினால் முடிவுகளை வரிசையாகக் கடை விரிக்க வேண்டுமாம். விரிக்கிறேன்.

"இங்க பாரு, ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்று ஃபைலை நீட்டலாம். அவள் மறுபடி என் கையைப் பிடிப்பாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான், அதனாலேயே வேண்டாம்.

அல்லது வாயைத் திறக்காமல் இருக்கலாம். இரண்டு முடிவையும் படித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன். புத்தகம் பேர் வாங்கும்போதெல்லாம், இதைவிட நல்லது என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். பொறாமைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு வாரம் அப்படி இருந்து பார்த்தேன். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் ஆரஞ்சு வாசனை வந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

7

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். ஆகவே அக்கா, இவ்வளவு நேரம் 'வாசகரே' என்று மரியாதை கொடுத்ததெல்லாம் உனக்குத்தான்.

அச்சுக்குப் போகுமுன் திருத்தித் தரச் சொல்லி நேற்று உனக்கு மெய்ப்பு வந்தது. புதன்கிழமைவரை நேரம் இருக்கிறது. அதனால்தான் இன்று அனுப்புகிறேன். நீ பேசாமல் இருந்தாலும் சரி, வீட்டில் எல்லோரிடமும் சொன்னாலும் சரி. வயிறு இன்னும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். இந்த நிலையிலும் 'கதை எப்படி இருக்கு?' என்று உன்னிடம் கேட்க வாய் வருகிறது பார், திருந்தாத ஜென்மம்.

முடிவை நான் எழுதவில்லை. இதோடு இரண்டு ஃபைல் இணைத்திருக்கிறேன். முதலாவதில் அந்தத் தம்பி இருக்கிறான், இரண்டாவதில் இல்லை. அவன் செய்தது என்னவென்று இப்போது உனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவனை உள்ளே விடுவாயா என்பது உன் இஷ்டம்.

அக்கா, இது தெளிவா இருக்கா, அதுவா?