ஒரு டம்ளர் கூழ்

பக்கிரிக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை. இருபது வருஷமாகக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே வேலை பார்த்தவர். அந்தக் கன்னத்திலேயே புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் முடிந்து, முப்பது நாள் கரண்டும், அதாவது கதிர்வீச்சும், வைத்தார்கள். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது அவர் மனைவி அஞ்சலாட்சி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

சரியாகவில்லை. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. எச்சில் ஊறாமல் நாக்கு காய்ந்தே கிடந்தது. கேழ்வரகுக் கூழ், முட்டை அடித்த பால், பருப்புத் தண்ணீர் என்று வேளைக்கு ஒன்றாகக் கரைத்துக் கொடுத்தாள். பக்கிரி டம்ளரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவார், காலி டம்ளரோடு வருவார். அவளுக்கு மனசு நிறைந்துபோகும். ஆனாலும் அறுபத்திரண்டு கிலோ இருந்தவர் நாற்பத்து மூன்றுக்கு இறங்கிவிட்டார். இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். குழாயோடு தான் குடியிருக்கும் ரெட்டியார்பாளையம் தெருவில் நடக்கமாட்டேன் என்று பக்கிரி தலையை ஆட்டிவிட்டார்.

சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் செந்தமிழ்ச்செல்வி மேடம் அஞ்சலாட்சியைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் உங்கள் கண்முன்னால் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். டம்ளரோடு அவர் பின்னால் போவதையும் வருவதையும்தான் அவள் பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை சத்தம் போடாமல் அவர் பின்னாலேயே போனாள். முதல் வாய்க்கே பக்கிரிக்குப் புரையேறியது. கூழ் மூக்கில் ஒழுகியது. துண்டால் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினார். திரும்பியவர் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பசிக்கலையா உனக்கு?"

"பசிக்குது." ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சு குழறலாகத்தான் வரும். "ஒரு டம்ளர் குடிக்க ஒரு மணி நேரம் ஆவுது. இந்த அசிங்கத்த நீ பாக்க வேணாம்னுதான்."

"புண்ணத் தொடச்சிவுட்டவ நானு. இதப் பாக்கமாட்டனா?"

மதியம் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

குழாய் இரண்டு மாதம் இருந்தது. கூழை வடிகட்டி மெதுவாக ஊற்ற அஞ்சலாட்சி பழகிக்கொண்டாள். முதல் வாரம் பக்கிரி வாசலுக்கே வரவில்லை. அப்புறம் மூக்கில் பிளாஸ்திரியோடு தானே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். ஐஸ்குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, வாயைத் திறக்கப் பயிற்சி செய்தார். புரையேறாமல் இருக்க, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு விழுங்கவும் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

குழாயை எடுத்தபோது நாற்பத்தெட்டு கிலோ. அன்று சாயங்காலம் கூடத்தில், அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, ரசத்தில் குழைத்த இட்லியைச் சாப்பிட்டார். டிவியில் ஒரு சீரியல் முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிட்டது. இரண்டு தடவை இருமினார். ஆறிப்போன இட்லியை அவள் ஒருமுறை சூடு பண்ணிக் கொடுத்தாள். ருசி தெரிகிறதா என்று கேட்டாள்.

"ஒண்ணும் தெரியல," என்றவர், கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் வையி."